34–32: மிச்சிகனின் அந்தத் தோல்வியை இன்னும் ‘அதிசயம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கலாமா?

மஞ்சள்நீலம் எழுதியது:

2007 செப்டம்பர் 1, சனிக்கிழமை. நம் மிச்சிகன் பல்கலைக்கழக அணி அப்பலாச்சியன் ஸ்டேட்டோடு ஆடிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைக் காண, ஆன் ஆர்பர் நகரில் ‘பிக் ஹவுஸ்’ என்று நாம் அழைக்கும் மிச்சிகன் ஸ்டேடியத்தில் அன்று 1,09,218 பேர் அமர்ந்திருந்தோம். ஆட்டம் முடிய 6 விநாடிகள் இருக்கையில் 34–32 என்று பின்தங்கியிருந்த நம் அணி 37 யார்டு தொலைவிலிருந்து ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) உதைக்க வந்து நின்றது. பந்து கம்பங்களுக்கு நடுவே போயிருந்தால் 35–34 என்று நாம் வென்றிருப்போம். உதைத்தவரின் காலை விட்டுப் பந்து எழும்பிய மறுகணமே அப்பலாச்சியன் ஸ்டேட் அணியின் கோரி லிஞ்ச் அதை மறித்துவிட்டார். மறித்த பந்தை அவரே எடுத்துக்கொண்டு எதிர்முனை நோக்கி ஓடவும் செய்தார். அவரைப் பிடித்து வீழ்த்தியபோது கடிகாரத்தில் நேரம் மிச்சமில்லை. மைதானம் முழுவதும் பேச்சற்றுப் போனது என்றே என் நினைவில் இருக்கிறது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் தம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் எழுந்து போன பிறகும் புல்தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை ஆண்டுகள் கழித்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மவர்கள் ‘அது ஓர் அதிசயம், ஆயிரத்தில் ஒரு முறை நடப்பது’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நானும் பல காலம் அப்படித்தான் சொல்லிவந்தேன். சென்ற மாதம் ஆட்டத்தின் முழு ஒளிப்பதிவையும் முதன்முறையாகப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தேன். இப்போது அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது.

நாம் யாராக அந்த ஆண்டைத் தொடங்கினோம் என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அசோசியேட்டட் பிரஸ் தரவரிசையில் 5-ஆம் இடம். கல்லூரிக் கால்பந்து வரலாற்றிலேயே மிக அதிக வெற்றிகளைப் பெற்ற அணி. முந்தைய ஆண்டு தொடர்ந்து 11 ஆட்டங்களை வென்று, 2006 நவம்பர் 18 அன்று ஓஹயோ ஸ்டேட்டிடம் 42–39 என்று தோற்றிருந்தோம். நாட்டின் முதல் இரண்டு அணிகள் மோதிய அந்த ஆட்டத்துக்கு முந்தைய நாள்தான் நம் பழைய பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் காலமானார். அந்தத் தோல்வியின் குறையைத் தீர்ப்பதற்காகவே குவாட்டர்பேக் (ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவர்) சாட் ஹென்னி, பந்தோடு ஓடும் மைக் ஹார்ட், அவர்களுக்கு அரணாக நிற்கும் ஜேக் லாங் ஆகிய மூவரும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல் இன்னோர் ஆண்டு கல்லூரியிலேயே தங்கினார்கள். எனவே அந்த முதல் சனிக்கிழமையை நாம் ஓர் ஆட்டமாகவே எண்ணவில்லை. பருவம் தொடங்கும் முன் நடக்கும் ஒரு சடங்காக எண்ணினோம். மைதானத்துக்கு நடந்துபோகும் வழியில் என் நண்பர்களும் நானும் நவம்பர் மாத ஆட்டங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனோம். எதிரணியின் குவாட்டர்பேக்கின் பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் பெயர் ஆர்மண்டி எட்வர்ட்ஸ். அன்று 23 முறை பந்தை எறிந்து 17 முறை சேர்ப்பித்தார். 227 யார்டுகள், மூன்று டச்டவுன்கள் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்து ஆறு புள்ளி எடுப்பது). அவற்றோடு தாமே ஓடி 62 யார்டுகளும் இன்னொரு டச்டவுனும் எடுத்தார். இடைவேளையில் அவர்கள் 28–17 என்று முன்னிலையில் இருந்தார்கள். ஒரு கணத்தில் நிகழ்வதுதான் அதிசயம். மூன்று மணி நேரத்துக்கும் மேலாக ஓர் அணி நம்மோடு சரிக்குச் சரியாக நின்று ஆடியதை அந்தச் சொல்லால் எப்படி அழைப்பது?

உங்கள் எண்ணங்களை அறிய விரும்புகிறேன்.

ஹ்யூரான்கரை எழுதியது:

நண்பர் மஞ்சள்நீலத்துக்கு வணக்கம். எதிரணியின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நம் பக்கத்துப் பிழைகளை விட்டுவிட்டு எல்லாப் பெருமையையும் அவர்களுக்கே கொடுத்துவிடுவதும் முழு உண்மையாகாது. என் மனத்தை இன்றுவரை அரிப்பது கடைசி உதை அன்று. மூன்றாம் கால்பகுதியில் எடுத்த ஒரு முடிவு.

31–20 என்று பின்தங்கியிருந்தபோது நாம் ஒரு டச்டவுன் எடுத்து 31–26 ஆக்கினோம். அப்போது டச்டவுனுக்குப் பின் கிடைக்கும் ஒரு புள்ளிக்கான உதையை எடுக்காமல், பந்தை மறுபடி எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகும் இரண்டு புள்ளி முயற்சிக்குப் போனோம், அது பலிக்கவில்லை. நான்காம் கால்பகுதியில் 4 நிமிடம் 36 விநாடிகள் மிச்சமிருக்கையில் மைக் ஹார்ட் 54 யார்டு ஓடி மறுபடியும் டச்டவுன் எடுத்தார். நாம் 32–31 என்று முந்தினோம். மீண்டும் இரண்டு புள்ளி முயற்சி, மீண்டும் தோல்வி. இரண்டு முறையும் உதையை மட்டும் எடுத்திருந்தால் 34–31 ஆகியிருக்கும். ஆட்டம் முடிய 26 விநாடிகள் இருக்கையில் ஜூலியன் ரவுச் உதைத்த அந்த 24 யார்டு ஃபீல்டு கோல் ஆட்டத்தைச் சமன் மட்டுமே செய்திருக்கும்.

இரண்டாவது முயற்சியை நான் குறை சொல்லவில்லை. ஒரு புள்ளி முன்னிலையை மூன்றாக்கப் பார்ப்பது எந்தப் பயிற்சியாளரும் செய்யக்கூடியதே. மூன்றாம் கால்பகுதியில், இன்னும் அவ்வளவு நேரம் கிடக்கும்போது, எதற்காக அந்த அவசரம்? அப்போதைய நம் பயிற்சியாளர் லாய்ட் கார் அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். 13 பருவங்களில் 122 வெற்றிகளைத் தந்தவர், 1997-இல் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அப்படிப்பட்டவரே பதற்றத்துக்கு இடம் கொடுத்தார் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

முதலாண்டு எழுதியது:

ஐயா, இந்த ஆட்டத்துக்கு நான் புதியவள். இங்கே படிக்க வந்து சில மாதங்களே ஆகின்றன. என் விடுதித் தோழிகள் ‘ஆப் ஸ்டேட்’ என்ற பெயரை இன்றும் ஒரு கெட்ட சொல்லைப் போலத் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். இரண்டு அணிகளும் பல்கலைக்கழக அணிகள்தாமே? விளையாட்டில் ஒரு பல்கலைக்கழகம் இன்னொன்றிடம் தோற்பது இயல்பு. இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு துயரம் என்பதை யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மஞ்சள்நீலம் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நீங்கள் கேட்டது அடிப்படையான கேள்வி.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் முதல் பிரிவுக்குள்ளேயே இரண்டு தட்டுகள் உண்டு. மிச்சிகன் போன்ற பெரிய அணிகள் மேல்தட்டில் ஆடுகின்றன. அப்பலாச்சியன் ஸ்டேட் அப்போது கீழ்த்தட்டில் ஆடியது. அக்காலத்தில் மேல்தட்டு அணி 85 வீரர்களுக்கு உதவித்தொகை தரலாம். கீழ்த்தட்டு அணிக்கு 63 பேருக்கு ஈடான தொகைதான் வரம்பு. உயர்நிலைப் பள்ளியில் பெயரெடுத்த வீரர்களைப் பெரிய பல்கலைக்கழகங்கள் அள்ளிக்கொண்டு போன பிறகு, ‘உயரம் போதாது, எடை போதாது’ என்று விடப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துத்தான் கீழ்த்தட்டு அணிகள் கட்டப்படுகின்றன.

இந்த இரு தட்டுகளும் மோதும் ஆட்டங்கள் பெரும்பாலும் பணத்துக்காக ஏற்பாடு செய்யப்படுபவை. பெரிய பல்கலைக்கழகத்துக்குத் தன் சொந்த மைதானத்தில் ஓர் எளிய வெற்றியும் நுழைவுச்சீட்டு வருமானமும் கிடைக்கும். சிறியது ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, அடிபட்டுத் திரும்பும். அன்று அவர்களுக்குத் தரப்பட்டது 4 லட்சம் டாலர். அதாவது, வந்து தோற்பதற்காக நாமே கூலி பேசி அழைத்த அணியிடம் நாம் தோற்றோம். தரவரிசையில் இடம்பெற்ற ஒரு மேல்தட்டு அணியைக் கீழ்த்தட்டு அணி ஒன்று வென்றது அதுவே முதல் முறை. கீழ்த்தட்டு அணிகளுக்கும் வாக்களிக்கலாம் என்று அசோசியேட்டட் பிரஸ் தன் தரவரிசை விதியையே திருத்திக்கொள்ள நேர்ந்தது. 5-ஆம் இடத்தில் இருந்த நாம் அடுத்த பட்டியலில் 25 இடங்களுக்குள்ளேயே இல்லை.

மெயின்தெரு எழுதியது:

அன்று நான் மைதானத்திலும் இல்லை, ஆட்டத்தைப் பார்க்கவும் இல்லை. மிச்சிகன் ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் தொலைக்காட்சி அலைவரிசை இரண்டு நாள் முன்புதான் தொடங்கப்பட்டிருந்தது; அந்த ஆட்டம் அதில்தான் ஒளிபரப்பானது. எங்கள் வீட்டில் அது வரவில்லை; மாநிலத்தில் பல வீடுகளில் அதே நிலைதான். வானொலியில் கேட்டேன். கூடத்தில் சுவருக்கு நிறம் அடித்துக்கொண்டே கேட்கத் தொடங்கியவன், இரண்டாம் கால்பகுதியில் அவர்கள் அடுத்தடுத்து மூன்று டச்டவுன்கள் எடுத்தபோது தூரிகையைக் கீழே வைத்தேன். மறுபடி அதை எடுத்தது மறுநாள்தான்.

பார்க்காமல் கேட்டதால் எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. வருணனையாளரின் குரல் முதலில் வியப்போடு ஒலித்தது. இடைவேளைக்குப் பிறகு அந்த வியப்பு மறைந்துவிட்டது. ஓஹயோ ஸ்டேட்டோடு ஆடும் ஆட்டத்தை வருணிப்பது போலவே, யார்டு யார்டாக, கவலையோடு சொல்லிக்கொண்டு போனார். எதிரணி அந்த மைதானத்தில் நிற்கத் தகுதியுள்ளது என்பதைக் குரலே ஒப்புக்கொண்டுவிட்டது. எனவே நண்பர் மஞ்சள்நீலத்தின் கருத்தோடு நான் ஒத்துப்போகிறேன்.

நான்காவது டவுன் எழுதியது:

‘அதிசயம்’ என்ற சொல்லை மறுப்பதற்கு இன்னும் வலுவான சான்று இருக்கிறது. அதை ஏன் யாரும் இங்கே எடுத்துச் சொல்லவில்லை என்று வியக்கிறேன். அடுத்த சனிக்கிழமை என்ன நடந்தது?

செப்டம்பர் 8 அன்று அதே மைதானத்துக்கு ஆரிகன் வந்தது. 39–7 என்று நம்மை நசுக்கிவிட்டுப் போனது. அந்த அணியின் குவாட்டர்பேக் டென்னிஸ் டிக்சன், எறியவும் ஓடவும் வல்லவர். அவர் பந்தைக் கொடுத்துவிட்டாரா, கையிலேயே வைத்திருக்கிறாரா என்று தெரியாமல் நம் தடுப்பாட்டக்காரர்கள் ஆளில்லாத இடத்தை நோக்கி ஓடிய காட்சி எனக்கு மறக்கவே இல்லை. ஒரு வாரம் முன்பு எட்வர்ட்ஸ் காட்டிய அதே பாடம், இன்னும் பெரிய எழுத்தில்.

பின்னோக்கியும் பாருங்கள். 2005 ஜனவரி 1 அன்று ரோஸ் பவுல் என்னும் பருவ இறுதிக் கிண்ண ஆட்டத்தில் டெக்ஸஸின் வின்ஸ் யங் ஓடியே நம்மை வீழ்த்தினார், 38–37. ஓஹயோ ஸ்டேட்டின் டிராய் ஸ்மித் ஆண்டுதோறும் நம்மைத் திணறடித்தார். ஓடவும் வல்ல குவாட்டர்பேக்கை எப்படி எதிர்கொள்வது என்ற கேள்விக்கு நம்மிடம் பல ஆண்டுகளாகவே விடை இல்லை. 2006 அணியில் லெயான் ஹால், லமார் வுட்லி, ஆலன் பிராஞ்ச், டேவிட் ஹாரிஸ் போன்ற தடுப்பாட்டக்காரர்கள் இருந்ததால் அந்த ஓட்டை ஓரளவுக்கு அடைபட்டிருந்தது. அந்த நால்வரும் 2007 வசந்தத்தில் தொழில்முறை அணிகளுக்குப் போய்விட்டார்கள். நாம் ஹென்னி, ஹார்ட், லாங் ஆகிய மூவரின் பெயர்களைச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தோம். போனவர்களின் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்கவில்லை.

ஹ்யூரான்கரை அவர்களின் கணக்கு சரியே. ஆயினும் கீழ்த்தட்டு அணி ஒன்று நம்மீது 34 புள்ளிகள் எடுத்த நாளில், நாம் விட்ட இரண்டு புள்ளிகளைப் பற்றி மட்டும் வருந்துவது, கூரை ஒழுகும் வீட்டில் வாசற்கதவின் தாழ்ப்பாளைப் பற்றிக் கவலைப்படுவது போன்றது.

ஹ்யூரான்கரை எழுதியது:

தாழ்ப்பாள் சரியாக இருந்திருந்தால் அன்றைய நாளாவது தப்பியிருக்கும் என்பதே என் வாதம். அந்த ஒரு நாள் தப்பியிருந்தால் நாம் இன்று இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். மற்றபடி ஓட்டை இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மைக் ஹார்ட் தொடையில் அடிபட்டு இரண்டாம், மூன்றாம் கால்பகுதிகளில் நெடுநேரம் வெளியே உட்கார்ந்திருந்தார். அப்படியிருந்தும் 188 யார்டுகளும் மூன்று டச்டவுன்களும் எடுத்தார். வலியோடு திரும்பி வந்து அந்த 54 யார்டு ஓட்டத்தை ஓடியபோது, உயரம் குறைந்த அந்த மனிதர் எத்தனை பேரின் பிடியிலிருந்து நழுவினார் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு இன்றும் கண் கலங்குகிறது. தோற்ற ஆட்டம் என்பதால் அந்த ஓட்டத்தை யாரும் நினைப்பதில்லை. அது பெரிய அநீதி.

பூன்மலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அப்பலாச்சியன் ஸ்டேட்டில் படித்தவன். வட கரோலினாவின் பூன் நகரில் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தவன். உங்கள் துக்கத்துக்கு நடுவே நான் நுழைவது முறையா என்று தயங்கினேன். ஆனால் இங்கே எங்களைப் பற்றி மரியாதையோடு பேசுவதைப் பார்த்ததும் எழுதலாம் என்று தோன்றியது.

எங்களுக்கு அந்த நாள் அதிசயமாக இருக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் அது வானத்திலிருந்து விழவும் இல்லை. 2005-இலும் 2006-இலும் எங்கள் தட்டில் தேசியப் பட்டம் எங்களுடையதே. பயிற்சியாளர் ஜெரி மூர், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தம் பழைய ஆட்டமுறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்ப்ரெட் என்னும் விரித்தாடும் முறைக்கு அணியை மாற்றியிருந்தார். பந்தைப் பிடிப்பவர்களை மைதானத்தின் இரு ஓரங்களுக்கும் பரப்பி நிறுத்திவிடுவார்கள்; அதனால் தடுப்பாட்டக்காரர்களும் விலகி நிற்க வேண்டியதாகும். நடுவில் உண்டாகும் இடைவெளியில், எதிரணியின் ஒரே ஓர் ஆளை மட்டும் கவனித்து, அவன் எந்தப் பக்கம் சாய்கிறானோ அதற்கு எதிர்ப்பக்கம் பந்தைச் செலுத்துவது குவாட்டர்பேக்கின் வேலை. பெரிய உடம்புகளுக்கு நேராகப் போய் மோத வேண்டிய தேவையே இல்லை. எங்களைப் போன்ற அணிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அதைக் கற்க எங்கள் பயிற்சியாளர்கள் மேற்கு வர்ஜீனியாவுக்குப் போனார்கள். அங்கே அப்போது தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் ரிச் ராட்ரிகஸ்.

உங்களில் சிலர் இந்நேரம் புன்னகைத்திருப்பீர்கள், அல்லது வருந்தியிருப்பீர்கள். 2007 பருவம் முடிந்ததும் லாய்ட் காரின் இடத்துக்கு மிச்சிகன் அழைத்து வந்தது அதே ராட்ரிகஸைத்தான்.

அன்று மாலை பூனில் நடந்ததையும் சொல்கிறேன். எங்கள் மைதானத்தில் ஆட்டமே இல்லை. இருந்தும் மாணவர்கள் அங்கே கூடி, கோல் கம்பத்தைப் பிடுங்கி, ஊர்வலமாகச் சுமந்துகொண்டு போய்ப் பல்கலைக்கழக வேந்தரின் வீட்டு முற்றத்தில் போட்டார்கள். யாரென்றே தெரியாதவர்கள் தெருவில் கட்டிக்கொண்டு அழுதார்கள். மலைக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஓர் ஊரின் பெயரை நாடு முழுவதும் ஒரே மாலையில் கற்றுக்கொண்டது எங்களுக்கு எத்தகைய நிறைவைத் தந்தது என்பதை நூறாண்டுப் பெருமையோடு பிறந்த ஓர் அணியின் ரசிகருக்கு விளக்குவது கடினம்.

ஆனால் இதையும் கேளுங்கள். அந்தப் பருவத்தில் நாங்கள் இரண்டு ஆட்டங்களில் தோற்றோம், எங்கள் தட்டிலேயே. அவற்றைப் பற்றி எங்களிடம் யாரும் கேட்பதில்லை. டிசம்பரில் டெலவேரை 49–21 என்று வென்று தொடர்ந்து மூன்றாவது முறையாகப் பட்டம் எடுத்தோம். அதைப் பற்றியும் கேட்பதில்லை. ‘ஒரு நாள் மிச்சிகனை வென்ற அணி’ என்று மட்டுமே எங்களை அறிகிறார்கள். அதிசயம் என்ற சொல் உங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். எங்கள் வீரர்கள் கோடை வெயிலில் ஓடிய ஓட்டமெல்லாம் அந்தச் சொல்லுக்குள் காணாமல் போகிறது.

முதலாண்டு எழுதியது:

மிக்க நன்றி. இப்போது ஓரளவுக்குப் புரிகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: அந்த வீரர்கள் அதற்குப் பிறகு எப்படி ஆடினார்கள்? இரண்டு ஆட்டங்களை இப்படித் தொடர்ந்து தோற்ற பிறகு மனம் உடைந்துபோயிருக்குமே?

மெயின்தெரு எழுதியது:

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான்.

உடைந்து போகவில்லை. ஆரிகன் ஆட்டத்தில் ஹென்னிக்கு முழங்காலில் அடிபட்டதால், கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்த ரையன் மாலட் அடுத்த வாரம் நோட்டர்டேம் அணிக்கு எதிராக ஆட்டத்தைத் தொடங்கினார். 38–0 என்று வென்றோம். அன்று தொடங்கி வரிசையாக எட்டு வெற்றிகள். அதற்குப் பிறகு விஸ்கான்சினிடமும், கடைசியில் ஓஹயோ ஸ்டேட்டிடம் 14–3 என்றும் தோற்றோம். காயங்களோடு ஆடிய ஹென்னியையும் ஹார்ட்டையும் அந்த மழைநாளில் பார்த்தவர்கள் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள். அந்த மூவரும் கல்லூரியில் தங்கியது ஓஹயோ ஸ்டேட்டை வெல்வதற்காக. அது மட்டும் கைகூடவே இல்லை.

அந்த ஆட்டம் முடிந்த இரண்டாம் நாள் லாய்ட் கார் ஓய்வை அறிவித்தார். அவருடைய கடைசி ஆட்டம் 2008 ஜனவரி 1 அன்று ஆர்லாண்டோவில், ஃப்ளோரிடாவுக்கு எதிராக. சிறந்த கல்லூரி வீரருக்கான அந்த ஆண்டின் ஹைஸ்மன் விருதை வென்ற டிம் டீபோ எதிரணியில். நாம் தோற்போம் என்றே எல்லோரும் எழுதினார்கள். நாம் 41–35 என்று வென்றோம். வீரர்கள் தம் பயிற்சியாளரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அன்று நம் அணி, பருவம் முழுவதும் ஆடிவந்த நெருக்கமான அமைப்பை விட்டுவிட்டு, பந்து பிடிப்பவர்களை ஓரங்களுக்குப் பரப்பி, ஹென்னியைப் பின்னால் நிறுத்தி, வேகமாக எறிந்து ஆடியது. அவர் மட்டும் 373 யார்டுகள் எறிந்தார். விரித்தாடும் வித்தை நமக்கும் தெரிந்தேயிருந்தது. செப்டம்பரில் அதற்குத் தேவை வரும் என்று நாம் நினைக்கவில்லை.

நான்காவது டவுன் எழுதியது:

மெயின்தெரு அவர்கள் சொன்ன கடைசிச் செய்தியோடு பூன்மலை அவர்கள் சொன்னதையும் சேர்த்துப் பார்க்கிறேன். ராட்ரிகஸை அழைத்து வந்தபோது, நாம் தோல்வியின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றே நானும் நம்பினேன். முறையை வாங்கிவிட்டோம்; அதற்குரிய ஆட்கள் நம்மிடம் இல்லை, அவர்களைச் சேர்க்கும் வரை பொறுத்திருக்கும் மனமும் நம்மிடம் இல்லை. 2008-இல் மூன்று வெற்றிகள், ஒன்பது தோல்விகள். தொடர்ந்து 33 ஆண்டுகள் பருவ இறுதிக் கிண்ண ஆட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த வரிசை அன்று அறுந்தது. மூன்றே பருவங்களில் அவரை அனுப்பிவிட்டோம். ஒரு தோல்வியைத் தற்செயல் என்று தள்ளினாலும் பிழை. ஒரே ஓர் ஆளை மாற்றினால் சரியாகிவிடும் என்று எண்ணினாலும் பிழை. நாம் இரண்டையும் செய்தோம்.

ஹ்யூரான்கரை எழுதியது:

பூன்மலை அவர்களே, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். 2014 ஆகஸ்டு 30 அன்று நீங்கள் மேல்தட்டுக்கு உயர்ந்து ஆடிய முதல் ஆட்டமே மீண்டும் ஆன் ஆர்பரில் நடந்தது. நான் போயிருந்தேன். 52–14 என்று நாங்கள் வென்றோம். கணக்குத் தீரும் என்று நினைத்துத்தான் சீட்டு வாங்கினேன். மூன்றாம் கால்பகுதியில், எங்களுக்கு அவ்வளவு புள்ளிகள் இருக்கையில், சுற்றிலும் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தபோது, எனக்கு எந்த மகிழ்ச்சியும் வரவில்லை. அந்த அணியில் எட்வர்ட்ஸும் இல்லை, லிஞ்சும் இல்லை. எங்கள் பக்கம் ஹார்ட் இல்லை. வேறு பிள்ளைகள் வேறு ஓர் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார்கள். அன்று தீர்க்க வேண்டியதை அன்றுதான் தீர்த்திருக்க முடியும்.

இரண்டு புள்ளிகளைப் பற்றிய என் வாதத்தை நான் கைவிடவில்லை. ஆனால் அதை இனி முதலில் சொல்ல மாட்டேன்.

பூன்மலை எழுதியது:

ஐயா, அந்த 52–14 ஆட்டத்தில் விருந்தினர் பகுதியில் நான் இருந்தேன். முடிந்து வெளியே வரும்போது, மஞ்சள் சட்டை அணிந்த ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, ‘மறுபடியும் வாருங்கள்’ என்றார். தோல்வியின் வருத்தத்தைவிட அந்தக் குலுக்கல்தான் எனக்கு நினைவில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அணியை, அதுவும் நாட்டின் 6-ஆம் இடத்தில் இருந்த அணியை, அதன் சொந்த மைதானத்திலேயே 17–14 என்று வென்றோம். அப்போதும் செய்தியாளர்கள் 2007-ஐத்தான் முதலில் எழுதினார்கள். உங்கள் பெயரும் எங்கள் பெயரும் இனிப் பிரியப் போவதில்லை என்று அன்று எனக்குத் தோன்றியது.

மஞ்சள்நீலம் எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு நிதானமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி.

2023 பருவத்தின் முடிவில், 2024 ஜனவரி 8 அன்று, வாஷிங்டனை 34–13 என்று வென்று நாம் மீண்டும் தேசியப் பட்டம் எடுத்தபோது, என் பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ‘இனி அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை’ என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையில் அந்த வெற்றிக்குப் பிறகுதான் ஒளிப்பதிவை எடுத்துப் பார்க்கும் துணிவே வந்தது.

பார்த்ததில் சிலவற்றைச் சொல்லாமல் விட்டேன், இப்போது சொல்கிறேன். கடைசி உதை மறிக்கப்பட்டதையே எல்லோரும் பேசுகிறோம். அதற்குச் சில நிமிடம் முன்பு நம்முடைய இன்னொரு ஃபீல்டு கோலும் மறிக்கப்பட்டது. அப்போது நாம் 32–31 என்று முன்னிலையில் இருந்தோம். அது உள்ளே போயிருந்தால் ஆட்டத்தின் போக்கே வேறு. ஒரே அணி, சில நிமிட இடைவெளியில் இரண்டு முறை, அதே வேலையைச் செய்திருக்கிறது. முதல் முறை மறித்த பிறகு அவர்கள் நேர இடைவேளை கேட்கும் வாய்ப்பு எதுவும் கையில் இல்லாமல், ஒன்றரை நிமிடத்துக்குள் 69 யார்டுகளைக் கடந்து வந்தார்கள். ஒருவரும் பதறவில்லை. எட்வர்ட்ஸ் ஒவ்வொரு முறையும் ஓரத்தைப் பார்க்கிறார், தலையசைக்கிறார், எறிகிறார். நம் வீரர்கள்தாம் ஒருவரையொருவர் பார்த்துக் கைகாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதன் பிறகு நமக்கு மிஞ்சிய 26 விநாடிகளில் ஹென்னி, மரியோ மானிங்ஹாமுக்கு 46 யார்டு எறிந்த அந்தப் பந்து இருக்கிறதே, அதை நான் முற்றிலும் மறந்துபோயிருந்தேன். அவ்வளவு அழகான எறிதல். தோல்வியின் நிழல் அதையும் மூடிவிட்டது. ஹார்ட்டின் ஓட்டத்தைப் பற்றி ஹ்யூரான்கரை அவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

என் முதல் பதிவில் ஒரு பிழை இருக்கிறது, அதைத் திருத்திவிடுகிறேன். லிஞ்ச் பந்தை மறித்ததும் மைதானம் முழுவதும் பேச்சற்றுப் போனது என்று எழுதியிருந்தேன். ஒளிப்பதிவில் அப்படி இல்லை. நம் இருக்கைகள் அமைதியாக இருந்தது உண்மை. ஆனால் ஒரு மூலையிலிருந்து, கறுப்பும் பொன்னிறமுமாக உடுத்திய ஒரு சிறு கூட்டத்தின் ஆரவாரம் தெளிவாகக் கேட்கிறது. லிஞ்ச் ஓடி முடிக்கும் வரை அது கூடிக்கொண்டே போகிறது. அன்று அதே மைதானத்தில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தம் என் காதில் விழவே இல்லை.